சூரிய பகவான் மேல பழி போடாதீங்க



இது கொஞ்சம் நீளமான பதிவு. வர்ற ஞாயிற்றுக்கிழமை கோவில் கூட்டத்துக்கு வர்றவங்க தயவுசெய்து முழுசா படிச்சிட்டு வாங்க. படிச்ச பிறகு என்னைத் திட்டணும்னா கூட்டத்துலயே திட்டுங்க, கேட்டுக்கறேன்.

இந்த வருஷத் திருவிழாவுல பால்குடம் ஆத்தங்கரையில இருந்து புறப்படவே பத்தரை ஆயிடுச்சு. கோவில் வாசல் வந்து சேர்றப்போ மணி பன்னிரண்டு தாண்டியாச்சு. தார் ரோடு, வெறுங்கால். தொண்டர்கள் நாங்க வாளியில தண்ணி ஊத்திக்கிட்டே முன்னாடி போனோம். ஊத்தின தண்ணி கூட்டம் வந்து சேர்றதுக்குள்ள காஞ்சு போச்சு. எழுபது வயசு தாண்டின ஒரு பாட்டி குடத்தோட அப்படியே சரிஞ்சாங்க. என் கையிலதான் விழுந்தாங்க. உடம்பு அனலா கொதிக்குது, ஆனா ஒரு சொட்டு வேர்வை இல்ல. நாம என்ன பேசுறோம்னு அவங்களுக்குப் புரியல. மூணு நாள் ஆஸ்பத்திரியில இருந்து நல்லபடியா வீட்டுக்கு வந்துட்டாங்க, அம்மா காப்பாத்திட்டா. ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

அதனாலதான் போன கூட்டத்துல சில யோசனை வச்சேன். பால்குடத்தை விடிய ஆறு மணிக்கே புறப்பட வைக்கணும். கோவில் வளாகத்துல மறுபடியும் மரம் நடணும். குப்பை எரிக்கிறதை நிறுத்தணும். கூரையில சோலார் தகடு போட எவ்வளவு ஆகும்னு விசாரிக்கணும். இவ்வளவுதான்.

அப்போ நம்ம மூத்தவர் ஒருத்தர் எழுந்து, கைப்பேசியில ஒரு குரல் பதிவைப் போட்டுக் காட்டினார். புலனத்துல நீங்களும் கேட்டிருப்பீங்க. "இந்த வெயிலுக்கு சூரியன்தான் காரணம். சூரியனுக்குப் பதினோரு வருஷச் சுழற்சி உண்டு. இப்போ உச்சத்துல இருக்கு, சூரியப் புயல் அடிக்குது. இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல தானா குறைஞ்சிடும். மனுஷன்தான் காரணம்னு சொல்றது வெள்ளைக்காரன் வியாபாரம்." கேட்டதும் எல்லாரும் தலையாட்டினோம். என் யோசனை எல்லாம் "அடுத்த கூட்டத்துல பாப்போம்"னு முடிஞ்சது.

அந்த ஐயா எனக்கு அப்பா மாதிரி. எனக்குக் காவடி கட்டிவிட்டவரே அவர்தான். அவர் மேல எனக்குத் துளி கோபம் கிடையாது. கோபமெல்லாம் அந்தக் குரல் பதிவு மேலதான். ஏன்னா, அது பொய்யா உண்மையாங்கறதை வச்சுத்தான் நாம ஞாயித்துக்கிழமை முடிவெடுக்கணும். சூரியன்தான் காரணம்னா ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு காத்திருந்தா போதும், வெயில் இறங்கிடும். மனுஷன்தான் காரணம்னா காத்திருக்கக் காத்திருக்க இது ஏறத்தான் செய்யும். வேப்பங்கன்னு வளர்ந்து நிழல் கொடுக்கப் பல வருஷம் ஆகும். பாட்டிமாருக்கு அவ்வளவு காலம் இல்ல.

முதல்ல அந்தப் பதிவுல இருக்கிற உண்மையை ஒத்துக்குவோம். சூரியனுக்கு ஏறக்குறைய 11 வருஷச் சுழற்சி இருக்கு, அது நிஜம். 2024ல அது உச்சத்துல இருந்ததும் நிஜம். அந்த வருஷம் மே மாசம் பெரிய சூரியப் புயல் அடிச்சதும் நிஜம். ஆனா சூரியப் புயல் பாதிக்கிறது செயற்கைக்கோள், வானொலித் தொடர்பு மாதிரி விஷயங்களைத்தான். சுங்காய் தார் ரோட்டை அது சூடாக்காது.

சுழற்சியோட உச்சத்துக்கும் அடிக்கும் நடுவுல சூரிய ஒளி எவ்வளவு மாறுது? ஆயிரத்துல ஒரு பங்கு. அதனால உலகச் சராசரி வெப்பம் ஏறி இறங்குறது சுமார் 0.1 டிகிரி. ஆனா 1800களோட கடைசிப் பகுதியில இருந்து இன்னைக்கு வரைக்கும் உலகம் ஒரு டிகிரிக்கு மேல சூடாகியிருக்கு. 2024 ஒரு வருஷத்தை மட்டும் பார்த்தா, உலக வானிலை அமைப்பு சொல்ற கணக்குப்படி ஏறக்குறைய 1.55 டிகிரி. பத்து காசுக் கடனைக் காட்டி ஒரு வெள்ளிக் கணக்கை முடிக்க முடியுமா?

இன்னொண்ணு கவனிங்க. 1978ல இருந்து செயற்கைக்கோள் வழியா சூரிய ஒளியை நேரடியா அளந்துக்கிட்டு வர்றாங்க. இத்தனை வருஷத்துல சூரியன் பிரகாசம் கூடிக்கிட்டே போகல. சுழற்சியில ஏறுது, இறங்குது, அவ்வளவுதான். 1980களுக்குப் பிறகு பார்த்தா லேசா குறைஞ்சுகூட இருக்கு. அதே காலத்துலதான் பூமியோட வெப்பம் சரசரன்னு ஏறியிருக்கு.

"சுழற்சி இறங்கினா வெயில் குறையும்"னு சொல்றாங்கல்ல? இறங்கித்தான் பார்த்தாச்சே. 2019 டிசம்பர்ல சூரியன் அந்தச் சுழற்சியோட அடியில இருந்தது. அடுத்து வந்த 2020 குளிர்ந்துச்சா? இல்ல. அதுவரைக்கும் பதிவான ஆண்டுகள்லயே அதிக வெப்பமான 2016ஓட 2020ம் சரிசமமா நின்னதா நாசா கணக்கு சொல்லுது. சூரியன் அமைதியா இருந்த நேரத்துலயே அந்த நிலைமை. அப்புறம் எந்த நம்பிக்கையில காத்திருக்கச் சொல்றாங்க?

சரி, சூரியன் கூட்டல. அப்போ எது கூட்டுது? தோட்டத்துல பிறந்தவங்களுக்கு இதை விளக்கறது சுலபம். ரப்பர் சீட்டைக் காய வைக்கிற புகை வீடு ஞாபகம் இருக்கா? உள்ள எரியற நெருப்பு அதேதான், விறகு ஒண்ணுகூட ஏத்தல. ஆனா புகை போற சன்னலை ஒவ்வொண்ணா சாத்திக்கிட்டே வாங்க. உள்ள ஆள் நிக்க முடியுமா? "இன்னைக்கு நெருப்பு ஜாஸ்தி"ன்னு அடுப்பு மேல குறை சொல்வீங்களா, இல்ல சன்னலைத் திறக்கச் சொல்வீங்களா?

சூரியன் அந்த நெருப்பு. பூமி தன்னோட சூட்டை வெளிய அனுப்புற வழி அந்தச் சன்னல். அதைச் சாத்துறது கரிவளி, அதாவது கார்பன் டை ஆக்சைடு. நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எரிக்கிறப்போ வருது. காட்டை அழிக்கிறப்போவும் வருது. தொழிற்சாலைக் காலத்துக்கு முன்னாடி காத்துல பத்து லட்சம் பங்குக்கு 280 பங்கு கரிவளி இருந்துச்சு. 1958ல ஹவாய் தீவுல மௌனா லோவா மலை மேல அளக்க ஆரம்பிச்சப்போ ஏறக்குறைய 315. இப்போ 420ஐத் தாண்டியாச்சு. அதாவது பழைய அளவைப் போல ஒன்றரை மடங்கு.

"அப்பவும் அது காத்துல நூத்துக்கு 0.04 பங்குதானே, இத்தனூண்டு வாயு என்ன பண்ணும்?"னு ஒருத்தர் கேட்டார். அண்ணே, நீங்க பால் வெட்டின குடும்பம். தொட்டி நிறைய ரப்பர் பாலுக்கு எவ்வளவு ஆசிட் ஊத்துவோம்? கொஞ்சம்தான். மொத்தப் பாலும் உறைஞ்சு கட்டியாகிடுது இல்லையா? அளவு சின்னது என்பதால வேலையும் சின்னது ஆகிடாது.

அந்தக் கரிவளி மனுஷன் எரிச்சதுதான்னு எப்படித் தெரியும்? அதுக்கும் கைரேகை இருக்கு. உயிருள்ள மரம் செடியில கார்பன்-14னு ஒரு வகைக் கரிமம் கொஞ்சம் இருக்கும். நிலக்கரியும் பெட்ரோலும் பல லட்சம், பல கோடி வருஷம் மண்ணுக்குள்ள கிடந்ததால, அதுல இருந்த கார்பன்-14 எல்லாம் சிதைஞ்சு போயிருக்கும். பழைய கரியை எரிச்சு காத்துல விட்டா, காத்துல இருக்கிற கார்பன்-14 நீர்த்துப் போகணும். நீர்த்துப் போறதை 1950கள்லயே கண்டுபிடிச்சிட்டாங்க. எரிமலை கக்குறதுதானேன்னு சிலர் சொல்வாங்க. எல்லா எரிமலையும் சேர்ந்து ஒரு வருஷத்துல விடுற கரிவளியை விட மனுஷன் விடுறது நூறு மடங்கு மாதிரி இருக்கும்.

சூட்டுக்கும் கைரேகை இருக்கு. சூரியன் பலம் கூடி பூமி சூடாகுதுன்னா, வானத்தோட மேலடுக்கும் சேர்ந்து சூடாகணும். ஆனா நடக்கிறது நேர்மாறு. நாம இருக்கிற கீழடுக்கு சூடாகுது. பல பத்து கிலோமீட்டர் உயரத்துல இருக்கிற அடுக்கு குளிர்ந்துக்கிட்டு வருது. கம்பளி போர்த்தினா உள்ள வேகும், வெளிய சூடு வராது. அதே கதைதான்.

அப்புறம் ராத்திரி. உலக அளவுல பார்த்தா பகலை விட ராத்திரிதான் கூடுதலா சூடேறியிருக்கு. ராத்திரியில ஏதுங்க சூரியன்?

எங்க பாட்டி விடியக்காலை இருட்டுல பெரட்டுக்குப் போறப்போ தலையில துண்டைச் சுத்திக்கிட்டுத்தான் போவாங்களாம். வெயில் ஏறினா பால் ஓட்டம் நின்னுடும், அதனால குளிர்லயே வெட்டி முடிக்கணும்னு சொல்வாங்க. பாட்டி சொன்னதை நான் விஞ்ஞான ஆதாரமா காட்ட வரல. அப்போ சுத்தியும் மரம் இருந்துச்சு, இப்போ இருக்கிறது சிமெண்டும் ஓட்டு வீட்டு வரிசையும், அதுவும் ஒரு காரணம். ஆனா நம்ம பெரியவங்களுக்கு வெயிலோட நேரம் தெரிஞ்சிருந்துச்சு. அதுக்கு ஏத்த மாதிரி வேலையை மாத்திக்கிட்டாங்க. நாமதான் பத்தரைக்குக் குடம் தூக்குறோம்.

இங்க நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். நம்ம ஊர்ல மார்ச், ஏப்ரல்ல வெயில் கொளுத்துறதுக்கு எல்லாமே கரிவளின்னு நான் சொல்ல மாட்டேன். சுங்காய் பூமத்திய ரேகைக்கு 4 டிகிரி வடக்கே இருக்கு. மார்ச் கடைசியில சூரியன் நேர் உச்சிக்கு வருது. அது எப்பவும் உள்ளது. எல் நினோ வர்ற வருஷம் இன்னும் வறட்சியாகும். 2016ல வெயில் தாங்காம பெர்லிஸ்லயும் கெடாவுல சில இடங்கள்லயும் பள்ளிக்கூடத்தையே மூடினாங்களே, அது எல் நினோ வருஷம். பெர்லிஸ் சூப்பிங்ல 40.1 டிகிரி பதிவானது 1998 ஏப்ரல் 9ல, அதுவும் எல் நினோதான்.

இதைக் கேட்டதும், "பாத்தியா, 1998லயே 40 டிகிரி வந்திருக்கு, அப்போ இப்ப என்ன புதுசு?"ம்பாங்க. ஒரு ஊர்ல ஒரு நாள் அடிச்ச வெயில் வேற, உலகம் முழுக்க வருஷம் முழுக்க எடுத்த சராசரி வேற. 1998 அந்தக் காலத்துக்கு உலகத்துலயே சூடான வருஷம். இப்போ அது முதல் பத்துலகூட இல்ல. 2015ல இருந்து 2024 வரைக்கும் வந்த பத்து வருஷமும்தான் அதுவரை பதிவானதுலயே சூடான பத்து வருஷம். குளிர்ச்சியைத் தர்ற லா நினா இருந்த 2021, 2022கூட 1998ஐ விடச் சூடு. எல் நினோ ஒரு அலை மாதிரி, வரும் போகும். கடல் மட்டமே ஏறிட்டா, அலை இன்னும் உள்ள வரைக்கும் வரும்ல?

கூட்டம் முடிஞ்சு வெளிய வந்தப்போ ஒரு அண்ணன் சொன்னார், "சூடு கீழ இருந்து வருதுடா, நம்ம சுங்கை கிளா வெந்நீர் ஊத்தைப் பாரு, முட்டையே வேகுது"ன்னு. உண்மைதான், முட்டை வேகும். ஆனா அது அந்த இடத்து நிலத்தடி நீர் ஆழத்துல போய் சூடாகி மேல வர்றது. பூமி முழுசுக்கும் சராசரி பார்த்தா, ஒரு சதுர மீட்டருக்குக் கீழ இருந்து வர்ற சூடு 0.1 வாட்டுக்கும் குறைவு. மனுஷனோட வேலையால இப்போ கூடுதலா தங்கிப் போற சூடு அதைப் போல முப்பது மடங்கு இருக்கும்.

"வெள்ளைக்காரன் வியாபாரம்"ங்கற பேச்சுக்கும் பதில் சொல்லிடறேன். கரிவளி நிரம்பின கண்ணாடிக் குழாய் வெயில்ல வச்சா சாதாரணக் காத்தை விட அதிகமா சூடாகுதுன்னு யூனிஸ் ஃபூட்னு ஒரு அமெரிக்கப் பெண்மணி சோதிச்சு எழுதினது 1856ல. காத்துல கரிவளி கூடினா பூமி எவ்வளவு சூடாகும்னு ஸ்வீடன் விஞ்ஞானி அரேனியஸ் கணக்குப் போட்டது 1896ல. நம்ம பாட்டன்மாரை ரப்பர் காட்டுக்குன்னு கப்பல் கப்பலா ஏத்தினது அதுக்கப்புறம்தான். அந்தக் காலத்துல சோலார் தகடு விக்கிற கம்பெனி ஏது? வியாபாரம்னு பார்க்கணும்னா இதைப் பாருங்க: எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தோட சொந்த விஞ்ஞானிகளே 1970களோட கடைசியிலயும் 1980கள்லயும் பூமி சூடாகப் போறதைச் சரியா கணிச்சு வச்சிருந்தாங்க. வெளிய அந்த நிறுவனம் பல வருஷம் சந்தேகத்தைத்தான் கிளப்பிக்கிட்டு இருந்துச்சு. "சூரியன்தான் காரணம்"னு நாம நம்பினா யாருக்கு லாபம்னு யோசிச்சுப் பாருங்க. பால்குடம் தூக்கிற பாட்டிக்கு இல்ல.

"நாம சின்ன நாடு, அமெரிக்காவும் சீனாவும் பண்றதுக்கு நாம என்ன செய்வோம்?" இது நியாயமான கேள்வி. பெரும்பங்கு அவங்களோடதுதான். ஆனா ஆளுக்கு எவ்வளவுன்னு வகுத்துப் பார்த்தா மலேசியா உலகச் சராசரியை விட அதிகமா கரிவளி விடுது. வெளிய தேடிப் போக வேணாம், நம்ம பேராக் மாநிலத்துலயே மஞ்சோங் கடற்கரையில நாலாயிரம் மெகாவாட்டுக்கு மேல திறன் உள்ள மின்நிலையம் கப்பல்ல வர்ற நிலக்கரியில ஓடுது. நான் குறை சொல்லல. அந்த மாதிரி கரண்ட்லதான் நம்ம கோவில் ஒலிபெருக்கியும் சீரியல் விளக்கும் எரியுது. நாமும் இந்தக் கணக்குல இருக்கோம்னு தெரிஞ்சுக்கத்தான் சொல்றேன்.

எனக்கு மனசு வலிக்கிறது எங்கன்னா, பழியைத் தூக்கி யார் மேல போடுறோம்? தைப்பொங்கல் அன்னைக்கு வாசல்ல பானை வச்சு, பால் பொங்கினதும் கிழக்கே பார்த்து கும்பிடுறோம். "உன்னாலதான் சோறு"ன்னு நன்றி சொல்றோம். அதே சூரிய பகவானை ஏப்ரல் மாசம் குத்தவாளிக் கூண்டுல நிறுத்துறோம். அவர் தன் வேலையை என்னைக்கும் போல ஒழுங்காத்தான் செய்றார். சன்னலைச் சாத்தினது நாம.

"எல்லாம் அம்மா பாத்துப்பா"ன்னு சொல்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. மாரின்னா மழை. நம்ம தாய் மழையோட தாய், குளிர்ச்சியோட தாய். அவ திருவிழாவுல நாம என்ன செய்றோம்? கூழ் ஊத்துறோம், மோர் கொடுக்கிறோம், மஞ்சத் தண்ணி தெளிக்கிறோம், வேப்பிலை கட்டுறோம். சூட்டைத் தணிக்கிறதுதான் அந்த வழிபாடே. வெயில் தானா குறையும்னு நம்ம முன்னோர் சும்மா உக்காந்திருக்கல.

அப்படி வேப்பிலை கட்டுற நாமதான் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வளாகத்துல இருந்த ரெண்டு வேப்ப மரத்தையும் கார் நிறுத்த இடம் வேணும்னு வெட்டினோம். அந்தக் கூட்டத்துல கை தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தன். பாட்டி சரிஞ்சு விழுந்த இடம், அந்த மரத்து நிழல் முன்னாடி விழுந்துக்கிட்டிருந்த இடம்தான். இதை நான் யார் மேலயும் போட முடியாது.

அதனால ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கேட்கப் போறேன்.

ஒண்ணு, பால்குடம் விடிய ஆறு மணிக்குப் புறப்படட்டும். எட்டு மணிக்குள்ள அபிஷேகத்துக்கு வந்துடலாம், தார் ரோடு அப்போ குளுந்திருக்கும். குருக்கள்கிட்ட கேட்டுட்டேன், சாஸ்திரப்படி எந்தத் தடையும் இல்லன்னு சொல்லிட்டார். வழியில ரெண்டு இடத்துல மோர்ப் பந்தல், முதலுதவி தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கூடவே வரணும்.

ரெண்டு, வேம்பும் புங்கையும் நடுவோம். மிச்சம் இருக்கிற மண் தரைக்கு இனி சிமெண்ட் வேணாம்.

மூணு, குப்பையை எரிக்க வேணாம். அன்னதானத்துக்குப் பாலிஸ்டிரீன் பெட்டியை விட்டுட்டு வாழை இலை போடுவோம். சோலார் தகடுக்கு விலை மட்டுமாவது கேட்டு வைப்போம்.

நம்ம கோவில் கூரையில நாலு தகடு போட்டா உலகம் குளிர்ந்துடும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். முதல் ரெண்டும் நம்ம ஜனங்களைக் காப்பாத்த. மூணாவது, நம்ம பங்குக்கு ஒரு சன்னலைக் கொஞ்சமாவது திறந்து வைக்க.

குரல் பதிவு போட்ட ஐயாகிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். நீங்க சொன்னதே சரின்னு வச்சுக்குவோம். அப்பவும் காலையில ஆறு மணிக்குப் புறப்பட்டா நமக்கு என்ன நஷ்டம்? மரம் நட்டா என்ன நஷ்டம்? நீங்க சொன்னது தப்பா இருந்து, நாம காத்துக்கிட்டே இருந்தோம்னா, அடுத்த வருஷம் யாரோட அம்மா சரிஞ்சு விழுவாங்கன்னு நமக்குத் தெரியாது. அன்னைக்கு விழுந்த பாட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். அடுத்த வருஷமும் குடம் எடுப்பேன்னு சொல்றாங்க. வேண்டுதல் பாக்கி இருக்காம். அவங்க எடுக்கத்தான் போறாங்க, நாம எத்தனை மணிக்குப் புறப்பட வைக்கப் போறோம்னுதான் கேள்வி.

ஞாயித்துக்கிழமை காலை பத்து மணி, கோவில் மண்டபம். பசியாற இட்லி உண்டு. முதல் வேப்பங்கன்னை ஐயா கையாலயே நடணும்னு எனக்கு ஆசை.

எழுத்துல ஏதாவது மனம் புண்படும்படி இருந்தா மன்னிச்சுக்குங்க. ஓம் சக்தி.